நாலு துறைகள் குடியிருந்த வீடு

செங்கம் ரோட்டில், மலை சுற்றுகிற பாதை பிரிவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாடி வீட்டை ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். திருவண்ணாமலையிலிருந்து ரயிலில் அரைப் பகல் போனால் வரும் ஊர், அவ்வளவு போதும். வாசலில் மாட்டிய பலகையில் ‘கூட்டாய்வு மையம்’ என்று எழுதியிருந்தது. பால் ஊற்ற வந்தவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “கூட்டுறவு பேங்க்குங்களா? மாட்டுக்கு லோன் தருவாங்களா?” என்று என்னைக் கேட்டார்.

அவருக்கு விளக்கிச் சொல்லும் அளவுக்கு எனக்கே அது பிடிபட்டிருக்கவில்லை. நிலவியல், தாவரவியல், பொருளாதாரம், சரித்திரம் என்று நாலு துறையிலிருந்து ஆட்களை எடுத்து ஒரே வீட்டில் உட்காரவைத்து, எல்லாருக்கும் சேர்த்து ஒரே கேள்வியைக் கொடுத்திருந்தார்கள். இந்த மலையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் குளங்களிலும் முன்னே தண்ணீர் எப்படி நின்றது, இப்போது ஏன் நிற்பதில்லை? இதுதான் கேள்வி. இதற்குச் சரித்திரக்காரன் எதற்கு என்று முதல் நாளே எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தச் சரித்திரக்காரன் நான்தான்.

நான் இந்த ஊர்ப் பெரிய கோயிலில் பூஜை செய்கிற குருக்கள் குடும்பம். எங்களுக்கு முறை உண்டு. எங்கள் முறை வரும்போது சுவாமிக்குப் பூஜை எங்கள் வீட்டார் செய்ய வேண்டும். அப்பாவுக்குப் பிறகு அண்ணா என்று முடிவாகிவிட்டதால் என்னைப் படிக்க அனுப்பினார்கள். வெளியூரில் மாமா வீட்டில் தங்கி சரித்திரத்தில் ஆனர்ஸ் முடித்தேன். கிரந்த எழுத்தும் பழைய தமிழ் எழுத்தும் படிக்கத் தெரிந்ததால், மையத்தில் கல்வெட்டு படிக்கிற வேலை கிடைத்தது. சொந்த ஊரிலேயே வேலை என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

மையத்துக்குத் தலைவர் ஒரு நிலவியல் புரொபசர். தலையில் எப்போதும் தொப்பி, பையில் எப்போதும் கல். பொருளாதாரக்காரர் என் வயதுக்காரர், யாரைப் பார்த்தாலும் விலை விசாரிப்பார். நாலாவது ஆள் ஒரு பெண். பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவர், தாவரவியலில் எம்.எஸ்ஸி. மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்களோடு தங்கியிருந்தார். ஓரம் பார்க்காமல் வயலுக்குள்ளும் முள்ளுக்குள்ளும் இறங்கி நடப்பதைப் பார்த்து, மலை சுற்றும் பாதையில் இருந்த ஜனங்கள் அவருக்குச் ‘செடியம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் என்னைக் ‘கல்வெட்டு சார்’ என்பார்.

முதல் சில மாதம் அது நாலு தனி வீடாகத்தான் இருந்தது. கூரை மட்டும் பொது. புரொபசர் கீழ் அறையில் கற்களைப் பரப்பிவைத்தார். செடியம்மா மாடியில் செடிகளை நியூஸ் பேப்பருக்கு நடுவில் அழுத்திக் காயவைத்தார். நான் கோயில் மதிலிலிருந்து எடுத்துவந்த மைப்படிகளை விரித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். மைப்படி என்றால், கல்வெட்டின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது. காய்ந்து உரித்தால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து வரும். சாயங்காலம் எல்லாரும் கூடத்துப் பெரிய மேஜையில் டீ குடிப்போம். நான் முதலில் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குருக்கள் வீட்டு ஆசாரம். பிறகு ஒருநாள் வெயிலில் வந்து டீயை எடுத்துக் குடித்துவிட்டேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த டீ வேளையில்தான் ஒருநாள் செடியம்மா கேட்டார்.

“கல்வெட்டு சார், இன்னைக்கு என்ன படிச்சீங்க?”

“ஒரு சிற்றரசன் மனைவி நிலம் விட்டிருக்கா. தினமும் ஸ்வாமிக்குச் செங்கழுநீர் மாலை சாத்த.”

“எங்க வளர்த்தாங்களாம்?”

“ஓடைன்னு போட்டிருக்கு. செங்கழுநீர் ஓடை.”

“அது எங்க இருந்தது?”

“மலைக்கு மேற்கே எங்கேயோ. எல்லை சொல்லியிருக்கு.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “செங்கழுநீர் நீர்ப்பூ சார். தினமும் ஒரு மாலைக்குப் பூக்கணும்னா வருஷம் பூரா தண்ணி நிக்கணும். மேற்குப் பக்கத்துல அப்படித் தண்ணி நிக்கிற இடம் ஒண்ணுகூட நான் பாக்கல. உங்க கல்வெட்டு பொய் சொல்லுதா, இல்ல மலை பொய் சொல்லுதா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கல்வெட்டை நான் படித்து முடித்து, வருஷம் கணக்கிட்டு, மூட்டை கட்டியாயிற்று. பூ என்று படித்தேனே தவிர, அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புரொபசர் பக்கத்து நாற்காலியிலிருந்து, “எல்லையைப் படியுங்கோ” என்றார். படித்தேன். இரட்டைப் பாறைக்குக் கிழக்கு, பெருவழிக்கு வடக்கு. பொருளாதாரக்காரர், “அடி அண்ணாமலைப் பக்கம் நிலத்துக்கெல்லாம் பேர் இருக்கு. நான் விசாரிக்கிறேன்” என்றார்.

அன்றிலிருந்து அது ஒரே வீடு ஆயிற்று.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்த ஓடையைத் தேடினோம். விடியும்போது கிளம்புவோம். புரொபசர் பாறைகளைப் பார்த்து, மலைச்சரிவில் ஊறுகிற தண்ணீர் எங்கே வந்து சேரும் என்று கையால் கோடு போட்டுக் காட்டுவார். செடியம்மா எங்கேயாவது கோரை முளைத்திருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் ஒரு இடம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல, புரொபசர் மண்ணைக் கிளறிப் பார்த்து, “இங்க தண்ணி ஒரு நாளும் நின்னதில்ல” என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. திரும்பும் வழியில் செடியம்மா, “நான்கூட இதுதான்னு நினைச்சேன் சார்” என்றார். அது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று இன்றைக்கும் தெரியாது.

மறுபடி கல்வெட்டைப் போய்ப் பார்த்தோம். ஒரு சொல்லை நான் தப்பாகப் படித்திருக்கலாம் என்று சந்தேகம். வெளிப்பிராகாரச் சுவரில் காகிதம் ஒட்டி மைப்படி எடுக்கும்போது மேல் முனையைச் செடியம்மா பிடித்துக்கொண்டார். காற்று அடித்தது. இரண்டு பேருமாகக் காகிதத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நின்றோம். அவர் முழங்கை வரை மை. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கப் போய் நெற்றியிலும் மை. “கல்வெட்டு சார், நான் உங்க கோயில்ல எதுவரைக்கும் வரலாம்?” என்று கேட்டார்.

“இங்க வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா.”

“உள்ள?”

நான் காகிதத்தின் கீழ் முனையைச் சரிசெய்தேன். “சரி, கேட்டு வச்சேன்” என்று சிரித்துவிட்டுக் காகிதத்தைத் தட்டத் தொடங்கினார். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் என்னமோ செய்தது. அதற்கு அப்போது நான் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்த வயதுதான்.

பெருவழிக்குத் ‘தெற்கு’ என்பதை ‘வடக்கு’ என்று படித்திருந்தேன். எழுத்து சிதைந்திருந்த இடம். தெற்கே போனால் அடி அண்ணாமலையைத் தாண்டி ஒரு மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை போடுகிற நிலம். பொருளாதாரக்காரர் விசாரித்து வந்ததில் அந்தக் கொல்லைக்கு ‘கழினோடை’ என்று பெயர். கழுநீரோடைதான் தேய்ந்து அப்படி ஆகியிருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பட்டது. என்ன அர்த்தம் என்று கொல்லைக்காரருக்குத் தெரியவில்லை. “எங்கப்பா காலத்துலேர்ந்து அப்டித்தாங்க சொல்றோம்” என்றார். தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டோம். “மல்லாட்ட எடுத்தாச்சுங்க, தாராளமா தோண்டிக்குங்க. பொதையல் கிதையல் வந்துச்சுன்னா எனக்கும் பங்கு குடுத்துடணும்.”

புரொபசரிடம் திருகிக்கொண்டே இறங்குகிற நீள இரும்புக் குழாய் ஒன்று இருந்தது. நானும் பொருளாதாரக்காரரும் மாற்றி மாற்றித் திருகினோம். செம்மண் வந்தது. பிறகு சரளை. இன்னும் இறங்கியதும் குழாய் வழுக்கியது. வெளியே எடுத்தால் நுனியில் கறுப்பாக, வெண்ணெய் மாதிரி ஒரு களிமண். புரொபசர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். குளத்தில் இறங்கும்போது வருமே, அந்த வாசனை. எத்தனையோ நூறு வருஷம் மூடிக் கிடந்தும் அது போகவில்லை.

செடியம்மா அந்தக் களிமண்ணை எடுத்துப்போய், கரைத்து, வடிகட்டி, மைக்ராஸ்கோப்பில் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, “விதைத் தோல் இருக்கு. அல்லிக் குடும்பம்தான். செங்கழுநீரேதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அடித்தே சொல்லியிருந்தார். புரொபசர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். யாருக்கும் டீ குடிக்கத் தோன்றவில்லை. அப்புறம் ஒரே நேரத்தில் எல்லாரும் பேச ஆரம்பித்தோம். தண்ணீர் வந்த வாய்க்கால் எது, எப்போது அடைபட்டது, மேலே சரளை எப்படி வந்தது, மலையில் மரம் போனதாலா, அப்படியானால் மரம் எப்போது போனது, அதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறதா. ஒருவர் சொன்ன பதிலில் இன்னொருவருக்கு ஒரு கேள்வி முளைத்தது. வெளியே இருட்டியதை யாரும் கவனிக்கவில்லை.

அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. கல்யாணத்தில் வரவில்லை, குழந்தைகள் பிறந்தபோது வந்தது வேறு வகை. சொல்லக்கூடாதோ என்னவோ, எழுதுகிறபோது மறைக்க முடியவில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள், மையத்தைப் பல்கலைக்கழகத்துக்கே மாற்றுவதாக உத்தரவு வந்தது. ஊருக்கு ஊர் வாடகை வீடு வேண்டாம், வளாகத்துக்குள்ளேயே நிரந்தரமாக ஒரு மையம் இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது. நாங்கள் நாலு பேரும் அங்கே போகலாம். புரொபசர் என்னைக் கூப்பிட்டு, “நீங்க வராம முடியாது. அங்க வந்து டாக்டரேட்டுக்கும் பதிவு பண்ணிடுங்கோ” என்றார். செடியம்மா வளாகத்து நூலகத்தைப் பற்றி, அதன் பின்னால் உள்ள தாமரைக் குட்டையைப் பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெட்டியைக்கூட நான் துடைத்து வைத்துவிட்டேன்.

தை மாதத்தில் ஒருநாள், காலைப் பூஜைக்குக் கிளம்பிய அப்பாவுக்கு வாசற்படியிலேயே வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அண்ணா அதற்கு முந்தின வருஷமே பம்பாயில் ஒரு கோயிலில் வேலை கிடைத்துப் போயிருந்தார். தந்தி கொடுத்ததும் வந்தார். சில நாள் இருந்தார். கிளம்பும் முன்னால் கொல்லைப்புறத்தில் என்னிடம், “குழந்தைகளை அங்கே ஸ்கூல்ல சேத்தாச்சுடா. நீதானே இங்க இருக்கே” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் இங்கேதான் இருந்தேன்.

அப்பா என்னைக் கேட்கவே இல்லை. வாய் குழறிக்கொண்டு, “உனக்கு எது சரின்னு படறதோ...” என்று சொல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கேட்டிருந்தால் ஒருவேளை முடியாது என்று சொல்லியிருப்பேன்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணமாகாதவன் மூலஸ்தானத்தில் பூஜை செய்ய முடியாது. கல்யாணமாகி, தீட்சை வாங்க வேண்டும். அதனால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக நடந்தது. காஞ்சிபுரம் பக்கம் ஒரு குருக்கள் குடும்பத்தில் பெண் பார்த்தார்கள். பங்குனியில் கல்யாணம். கிராப்பு போய்க் குடுமிக்கு முடி வளரத் தொடங்கியது.

மையத்துச் சாமான்களை மாட்டு வண்டிகளில் ஸ்டேஷனுக்கு ஏற்றிய அன்று நானும் போனேன். கல் மூட்டைகளைப் பார்த்து போர்ட்டர், “சாமி, கல்லையெல்லாமா ரயில்ல ஏத்துவாங்க? வெயிட்டு ஜாஸ்தியாயிடுமே” என்று அங்கலாய்த்தார். புரொபசர் கைகூப்பினார். பொருளாதாரக்காரர் கட்டிக்கொண்டார். செடியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“கோயில்லயேதான் இருக்கப் போறீங்க. படிக்காத சுவரு இன்னும் எவ்வளவோ இருக்கு. படிச்சுக்கிட்டே இருங்க” என்றார்.

“பார்க்கலாம்.”

“பார்க்கலாம்னா பாக்க மாட்டீங்கன்னு அர்த்தம்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இவ்வளவு நாளா உங்களோட வேலை செஞ்சிருக்கேன்” என்றார். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அவர் சொன்னபடியே ஆயிற்று. அபிஷேகத் தண்ணீர்க் குடத்தோடு தினமும் அந்தச் சுவர்களைக் கடந்துதான் போனேன். அந்தப் பக்கம் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டேன். கை நிறைய வேலை இருந்தது, அதுவும் உண்மை. பூஜையில் எனக்கு மனசு ஒட்டவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒட்டியது. தீபாராதனை வெளிச்சத்தில் சுவாமியைப் பார்க்கிற க்ஷணம் எனக்கும் நெஞ்சு நிறையும். ஆனால் அங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. பேரும் நட்சத்திரமும் நான்தான் அவர்களைக் கேட்பேன்.

ஏழெட்டு வருஷம் போயிற்று. அப்பா காலமானார். எங்களுக்கு ஒரு பெண், ஒரு பிள்ளை. ஒருநாள் மையத்திலிருந்து பொருளாதாரக்காரர் சுவாமி தரிசனத்துக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். மையத்துக்குத் தனிக் கட்டடம் கட்டிவிட்டார்களாம். புரொபசர் ஓய்வு பெற்றாயிற்று. செடியம்மாதான் இப்போது மையத்தை நடத்துகிறாராம். கணவர் டாக்டர், ஒரு பிள்ளை. “உங்களைப் பத்தி இன்னமும் பேசுவாங்க” என்றார்.

அவர் போன பிறகு நான் ஊஞ்சலில் உட்கார்ந்தே இருந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து வந்து, “முறை முடிஞ்சிடுத்தே, ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வாங்கோளேன்” என்றாள்.

“எங்க?”

“எங்கயா? அவர் பேசறச்சே உங்க முகத்தை நான் பாத்துண்டுதானே இருந்தேன்” என்று சொல்லிவிட்டு, புளியோதரை கட்டிக் கொடுக்கட்டுமா, தயிர்சாதம் போதுமா என்று கேட்டாள்.

ரயிலில் விழுப்புரத்தில் மாறி, பிற்பகல் அந்த வளாகத்தில் இறங்கினேன். புதுக் கட்டடம், சுண்ணாம்பு வாசனைகூட போகவில்லை. பஞ்சகச்சமும் குடுமியும் விபூதியுமாக நின்ற என்னைப் பார்த்து ஓர் இளைஞன் ஓடிவந்து, “யாரைப் பாக்கணும் சாமி? ஏதாவது பூஜைக்கு வரச் சொன்னாங்களா?” என்றான். மரியாதையாகத்தான் கேட்டான்.

அதற்குள் உள்ளேயிருந்து செடியம்மா வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார், காதோரம் நரைத்திருந்தது. என் குடுமியிலிருந்து பஞ்சகச்சம் வரை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்தப் பையனிடம், “பூஜைக்கு வரல தம்பி. இவரு நம்ம ஆளு. நாற்காலி போடு” என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகலில் மையத்து ஆட்கள் எல்லாரும் கூடிப் பேசுவது வழக்கமாம். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மொழியியல் படித்த ஒரு பெண், நீர்ப்பாசன இன்ஜினியர் ஒருவர், மானிடவியல்காரர் ஒருவர். ஏதோ ஒரு ஏரிச் சங்கிலியைப் பற்றிப் பேச்சு. ஒருவர் படம் போட்டார், இன்னொருவர் அதை அடித்தார். அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல், “அந்த மதகைப் பழுதுபார்த்தது யார்? ஊரா, கோயிலா?” என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். இன்ஜினியர், “தெரியல. ஆனா தெரிஞ்சாகணும்” என்றார். அந்த இடத்திலிருந்து பேச்சு வேறு பக்கம் போயிற்று. நானும் பேசினேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. மேஜையின் அந்தக் கோடியில் செடியம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது சொன்னார். “உங்க முறை இல்லாத மாசங்கள்ல வந்து இருங்க. வருஷத்துக்கு ரெண்டு மாசம் போதும். நான் ஏற்பாடு பண்றேன்.”

“வரேன்” என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, “எப்படி இருந்தது?” என்று கேட்டாள்.

“எல்லாரும் பேசிண்டிருந்தா.”

“நீங்க?”

“நானும் பேசினேன்.”

“நீங்களா? ஆத்துல ரெண்டு வார்த்தை பேசினா முத்து உதிர்ந்துடும்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அவளைக் கூடத்தில் உட்காரச் சொல்லி, அந்த மல்லாட்டைக் கொல்லையில் குழாய் இறக்கிய கதையை முதல்முறையாகச் சொன்னேன். சாயரட்சைக்கு மணி அடிக்கிறவரை சொன்னேன். அரிசி பொறுக்கியதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை, “அவா ரொம்பக் கெட்டிக்காரியோ?” என்று கேட்டாள். “ஆமாம்” என்றேன். “பாவம், உங்களுக்கு எவ்வளவு ஆசையா இருந்திருக்கும்” என்றாள். அவளை அதற்கு முன்னால் அவ்வளவு நெருக்கமாக உணர்ந்ததில்லை.

அந்த இரண்டு மாதத்தை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்த வருஷம் பங்காளி ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாமல் அவர் முறையும் எங்களிடம் வந்தது. அடுத்த வருஷம் பிள்ளைக்குப் பூணூல். அதற்கடுத்த வருஷம் அம்மா படுத்த படுக்கை. யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை என்று தோன்றிற்று. பிறகு செடியம்மா வடக்கே ஏதோ பெரிய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இன்றும் வெள்ளிக்கிழமை பிற்பகல் வந்தால் எனக்கு நிலைகொள்ளாது. கோயிலில் கூட்டம் நெரியும். அர்ச்சனைத் தட்டுகள் கைக்கு மேல் கையாக வரும். பேர் சொல்லுங்கோ, நட்சத்திரம் சொல்லுங்கோ என்று வாய் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். இந்நேரம் அங்கே எல்லாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள், யாராவது ஏதாவது கேட்க ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.